ஏரிக்கரை கசிந்தால், வெடித்தால், இறங்கினால்: அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

ஐப்பசியில் இரண்டு மழை சேர்ந்தாற்போல் விழுந்தால் போதும், எங்கள் ஊரில் எல்லோரும் ஏரிக்கரைக்கு வந்துவிடுவார்கள். எவ்வளவு ஏறியிருக்கிறது, கலிங்கு (ஏரி நிறைந்தால் மிகை நீர் வழிந்து வெளியேறும் இடம்) எப்போது போகும், இந்த வருஷம் இரண்டு போகம் வருமா என்று தண்ணீரைப் பார்த்தபடியே பேச்சு ஓடும். நானும் பல வருஷம் அப்படித்தான் நின்றிருந்தேன். பாசன சங்கத்தில் கரைப் பொறுப்பு என் பங்குக்கு வந்த முதல் மழைக்காலத்தில், எங்கள் ஏரியில் மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த பழைய லஸ்கர் ஒருவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, கழனிப் பக்கத்தைக் காட்டினார். "தண்ணிய அப்புறம் பாருங்க தம்பி. கரை பேசுறது இந்தப் பக்கம்" என்றார்.

அன்றிலிருந்து கரையின் வெளிச்சரிவிலும் அடிவாரத்திலும்தான் என் நடை. அங்கே என்னென்ன தெரியும், தெரிந்தால் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதை எங்களைப் போல ஏரி பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மண் அணை என்றதும் ஏதோ சின்ன வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பவானிசாகர் அணையில் நடுவே தண்ணீர் போகும் பகுதி மட்டும்தான் கல் கட்டுமானம். மற்றபடி கிட்டத்தட்ட 8.8 கிலோமீட்டர் நீளத்தில் பெரும்பகுதி மண்தான். 1955-ல் கட்டி முடித்த அந்த அணை 105 அடி நீர்மட்டத்தில் 32.8 டி.எம்.சி. தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. சோழர் காலத்து வீராணத்துக்கு 16 கிலோமீட்டர் மண்கரை. தமிழ்நாட்டின் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களும் இதே குடும்பம்தான்.

எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஏரி நிறைந்ததும் கரைக்குள்ளும் தண்ணீர் ஏறும். உள்பக்கம் உயரமாகவும் வெளிப்பக்கம் தாழ்வாகவும் சரிந்து வரும் ஒரு நீர்க்கோட்டை மனதில் வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோடு அடிவாரத்துக்குக் கீழே முடிந்தால் நல்லது. கரையின் வயிற்றில் வெளியே வந்தால் கெட்டது. இந்தக் காலத்தில் கட்டும் அணைகளில் கசிவு வெளியேற மணலும் ஜல்லியும் அடுக்கிய வடிகட்டி வைத்துத்தான் கட்டுகிறார்கள். தண்ணீர் போகும், மண் போகாது. நம் பழைய ஏரிக்கரைகள் பலவற்றில் அந்த வடிகட்டி கிடையாது. அதனால் அந்த வேலையை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை: நீளமான கம்பு, நல்ல டார்ச், கயிறு, 10 லிட்டர் வாளி, நிறமில்லாத கண்ணாடி பாட்டில் ஒன்று, சுண்ணாம்பு, நாலைந்து முளைக்குச்சி, ஒரு நோட்டு. ராத்திரி நடைக்கு இரண்டு பேராகப் போங்கள்.

கரையடியில் தண்ணீர் ஊறுகிறது

அதிகம் பார்ப்பதும் அதிகம் தப்பு செய்வதும் இதில்தான்.

பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். தெளிவாக இருக்கிறதா? கால் மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டு அடியில் வண்டல் படிகிறதா என்றும் பாருங்கள். தெளிவாக இருந்து, அடியில் எதுவும் படியாவிட்டால் பதற வேண்டியதில்லை. ஆனால் அளக்க வேண்டும். ஊறும் தண்ணீரைச் சின்ன வாய்க்கால் வெட்டி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் வாளி 20 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர். அன்றைய ஏரி நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஏரி ஏறும்போது கசிவும் ஏறுவது இயல்பு. மழை இல்லை, ஏரி அதே மட்டத்தில் நிற்கிறது, கசிவு மட்டும் நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் உள்ளே வழி பெரிதாகிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு ஒப்பீட்டுக்காகவே நோட்டு வேண்டும் என்று சொல்வேன். நேற்று எவ்வளவு இருந்தது என்பதை ஞாபகத்திலிருந்து சொல்பவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

தண்ணீர் கலங்கி வந்தால், அதில் வருவது கரையின் மண். வெளி வாயில் தொடங்கும் அரிப்பு உள்நோக்கி வளர்ந்து குழாய் மாதிரி ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டால், அதற்கப்புறம் மணிக்கணக்குதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இருந்த டீட்டன் அணை 1976 ஜூன் 5-ல் உடைந்தது அப்படித்தான். 90 மீட்டருக்கு மேல் உயரமான புது மண் அணை அது, முதல்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முன்னால் கீழே தெளிந்த ஊற்றுகள் தெரிந்தன. 5-ம் தேதி காலை ஏழரை மணி வாக்கில் கலங்கல் நீர் வந்தது. 11.57-க்கு அணை உடைந்துவிட்டது. ஓட்டையை அடைக்க மண் தள்ளப் போன புல்டோசர்கள் இரண்டையும் அந்த ஓட்டையே விழுங்கியது. பொறியாளர்களும் இயந்திரங்களும் கூடவே இருந்த இடத்திலேயே கலங்கல் தெரிந்ததிலிருந்து உடைப்புக்கு நாலரை மணி நேரம்தான் கிடைத்தது.

சரி, கலங்கி வருகிறது. என்ன செய்வது?

கசிவின் வாயைக் களிமண்ணாலோ பிளாஸ்டிக் தாளாலோ சிமெண்டாலோ அடைக்காதீர்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். எங்கள் ஏரியிலேயே ஒரு வருஷம் ஆர்வத்தில் டிராக்டர் டிராக்டராகக் களிமண் கொட்டி ஒரு ஊற்றை அடைத்தோம். அன்று சாயங்காலமே பத்தடி மேலே, கரையின் நடுவயிற்றில் தண்ணீர் வெளியே வந்தது. உள்ளே அழுத்தம் அப்படியே இருக்க, நாம் வாயை மட்டும் மூடினால் அது பலவீனமான வேறு இடம் தேடும். தண்ணீரைப் போக விட்டு, மண்ணை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். முதலில் ஊற்றின் மேல் பருமணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி அல்லது கருங்கல் என்று ஒவ்வொன்றும் ஓரடி கனத்துக்குப் பரப்புங்கள். ஊற்றைத் தாண்டி நாலு பக்கமும் சில அடி அகலம் இருக்கட்டும். வேகம் மணலைத் தள்ளிவிடுகிறது என்றால் முதலில் கொஞ்சம் ஜல்லி போட்டு வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு முறைப்படி மணலிலிருந்து ஆரம்பியுங்கள். சரியாகப் போட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் ஜல்லி வழியாகத் தெளிந்த தண்ணீர் வரும். அப்போது மூச்சு விடலாம். ஆனால் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, ஆள் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்த்து ஏரி மட்டத்தைக் குறைக்கும் வேலையும் தொடங்க வேண்டும். மதகைத் திறக்கச் சொல்லிப் பொறியாளருக்குத் தகவல் போக வேண்டும். கசிவைத் தள்ளுவது ஏரியின் உயரம்தான்.

கரைக்கு வெளியே கழனியில் மண் கொப்பளிக்கிறது

கரையடியிலிருந்து சற்றுத் தள்ளி, வயலிலோ வாய்க்கால் ஓரத்திலோ சோறு கொதிப்பதுபோல மணல் குதிக்கும். சுற்றிலும் எறும்புப் புற்று வாய் மாதிரி மணல் வட்டமாகக் குவிந்திருக்கும். கரைக்கு அடியில் இருக்கும் மணல்படுகை வழியாக வரும் தண்ணீர் இது. பழைய ஓடை குறுக்கே போன இடத்தில் கரை கட்டியிருந்தால் பெரும்பாலும் அந்த நேரில்தான் வரும். ஊரில் பெரியவர்களைக் கேட்டால் பழைய ஓடை எங்கே போனது என்று சொல்வார்கள். அந்த இடத்தைக் கோடையிலேயே குறித்து வையுங்கள்.

சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்குங்கள், கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எடுப்பதுபோல. உள்ளே தண்ணீர் உயர உயர அதன் எடையே கீழிருந்து வரும் வேகத்தைத் தணிக்கும். மணல் வருவது நிற்கும் உயரம் வரை அடுக்கினால் போதும். அதற்குமேல் போகாமல் ஒரு பக்கம் வழிய வாய் விட்டுவிடுங்கள். தண்ணீரை முழுக்க நிறுத்தும் உயரத்துக்கு அடுக்கினால், வளையத்துக்கு வெளியே புதிதாக ஒன்று கிளம்பும். கொப்பளிப்பின் மேல் கால் வைத்து ஆழம் பார்க்காதீர்கள். அடியில் குழி விழுந்திருக்கலாம். கம்பால் தூரத்திலிருந்து தொட்டுப் பார்த்தால் போதும்.

வெளிச்சரிவில் ஈரத் திட்டு, ஓரிடத்தில் மட்டும் பச்சைப் புல்

கோடையில்கூடக் கரையின் நடுவில் ஒரு பட்டை மட்டும் பசுமையாக, கோரையும் சம்பும் முளைத்துக் கிடந்தால் நீர்க்கோடு அங்கே வெளியே வருகிறது என்று அர்த்தம். மாடு மேய்ப்பவர்கள் இதை நம்மைவிட முன்னாலேயே கவனித்திருப்பார்கள், கேளுங்கள். ஈரத்தின் மேல் விளிம்பில் முளைக்குச்சி அடித்துத் தேதி எழுதுங்கள். அடுத்த வாரம் ஈரம் குச்சியைத் தாண்டி மேலே ஏறியிருந்தால் உடனே தகவல் சொல்லுங்கள். நிரந்தரத் தீர்வு கோடையில்: அடிவாரத்தில் மணல், ஜல்லி, கல் அடுக்கிய வடிகால், வெளிச்சரிவுக்குக் கூடுதல் மண் என்று பொறியாளர் வரைந்து தர வேண்டிய வேலை.

கரைமேல் வெடிப்பு

எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்.

கரிசல் மண் கரை கோடையில் வலை மாதிரி வெடிக்கும். அது காய்ந்த வெடிப்பு, பெரும்பாலும் ஆழமில்லாதது, மழைக்கு மூடிக்கொள்ளும். கரையின் நீளவாக்கில் ஒரே கோடாக ஓடினால், அதுவும் வில்போல் வளைந்து இரு முனையும் சரிவை நோக்கி இறங்கினால், ஒரு பக்கம் சரியப்போகிறது. குறுக்காக, ஏரியிலிருந்து கழனி நோக்கி ஓடினால்தான் எனக்கு வயிறு கலங்கும். அது தண்ணீருக்கு நேர்ப்பாதை.

ஆழம் தெரிய சுண்ணாம்புப் பாலைக் கரைத்து வெடிப்பில் ஊற்றுங்கள். அப்புறம் ஓரமாகத் தோண்டிப் பார்த்தால் வெள்ளை எதுவரை இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இருபுறமும் முளை அடித்து இடைவெளியை அளந்து வையுங்கள். ஏரி காலியாக இருக்கும்போது, வெள்ளை முடியும் இடத்துக்கும் ஓரடி கீழே வரை பள்ளம் எடுத்து, அதே வகை மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஈரம் பார்த்து, திமிசு போட்டு இறுக்கி நிரப்ப வேண்டும். மேலாக மண்ணைத் தூவி மூடினால் வெடிப்பு மறைந்திருக்குமே தவிரப் போகாது. ஏரியில் தண்ணீர் இருக்கும்போது தோண்டாதீர்கள். தார்ப்பாய் போட்டு மழைநீர் உள்ளே இறங்காமல் தடுத்துவிட்டு, குறுக்கு வெடிப்பு என்றால் மட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சரிவு வழுக்கி இறங்குகிறது

வெளிப்பக்கம் சரிந்தால் சரிந்த மண்ணை அடிவாரத்திலிருந்து அள்ளாதீர்கள். அந்த மண்தான் மிச்சத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதே இடத்தில் இன்னும் கனம் சேர்க்க வேண்டும், மணல் பரப்பி மேலே கல் போட்டு. கரையின் தலையில் மண் ஏற்றாதீர்கள், அது சரிவைத் தள்ளிவிடும்.

உள்பக்கச் சரிவு வேறு கதை. அது ஏரி நிறையும்போது வராது, வேகமாகக் குறைக்கும்போது வரும். கரைக்குள் ஊறிய தண்ணீர் வெளியேற நேரம் வேண்டும். தாங்கிக்கொண்டிருந்த ஏரித் தண்ணீர் சட்டென்று விலகினால் நனைந்த மண் அப்படியே உள்ளே சாயும். அவசரமில்லாத நேரத்தில் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொல்வது இதனால்தான். கலங்கல் கசிவு மாதிரி உயிர்ப் பிரச்சினை என்றால் உள்சரிவுக்குக் கவலைப்பட நேரமில்லை, இறக்கியே ஆக வேண்டும்.

மதகுக்கு நேரே கரை பள்ளமாகிறது, மதகு மூடியும் தண்ணீர் போகிறது

மண்கரையில் கல்லும் மண்ணும் சேரும் இடம்தான் பலவீனம். மதகுச் சுரங்கத்தின் வெளிப்புறத்தை ஒட்டியே தண்ணீர் வழி தேடும். மதகு மூடியிருக்கும்போது வெளிவாயில் தண்ணீர் வந்தால், கதவு சரியாக உட்காரவில்லையா, சுரங்கத்தில் விரிசலா, அல்லது சுரங்கத்துக்கு வெளியே ஓரமாக வருகிறதா என்று மூன்றையும் பிரித்துப் பாருங்கள். கதவுக் கசிவு தொல்லை, அவ்வளவுதான். ஓரமாக வருவது அபாயம். மேலே கரையில் மதகுக்கு நேராகக் குழி விழுந்தால், கீழே மண் போய்க்கொண்டிருக்கிறது. குழியை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. 1961 ஜூலை 12-ல் புணே அருகே பான்ஷெட் மண் அணை உடைந்ததும் தண்ணீர் வெளியேறும் சுரங்கப் பாதைக்கு மேலே கரை இறங்கித்தான். வேலை முழுதாக முடியாத அணை. அந்த வெள்ளத்தில் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையும் அன்றே உடைந்தது.

ஏரிப் பக்கம் தண்ணீர் சுழித்து உள்ளே இழுத்தால் வைத்தியத்துக்கு நேரமில்லை. ஆட்களைக் கரையிலிருந்து இறக்குங்கள்.

ஷட்டரை வைகாசியிலேயே ஏற்றி இறக்கி, கிரீஸ் வைத்துப் பாருங்கள். 2021 நவம்பர் 19-ல் கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணையின் மண்கரையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது, ஐந்து ஷட்டர்களில் ஒன்று வேலை செய்யாமல் இருந்தது.

தண்ணீர் கரைமட்டத்தை நெருங்குகிறது

கல் அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் அது பெரும்பாலும் தாங்கும். மண்கரை தாங்காது. ஓரிடத்தில் ஒரு சாண் வழிந்தாலே அங்கே வெட்டத் தொடங்கி, சிறிது நேரத்தில் வாய் அகன்றுவிடும். 1979 ஆகஸ்ட் 11-ல் குஜராத்தின் மோர்பிக்கு மேலே மச்சு-2 அணையில், திட்டமிட்டதைப் போல மூன்று மடங்கு அளவில் வெள்ளம் வந்து இருபக்க மண்கரையும் கரைந்து போயின. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

நம் ஏரியில் இதைத் தடுப்பது கலிங்கு (சில ஊர்களில் மறுகால் என்பார்கள்). கூடுதலாக ஒரு சாண் தண்ணீர் நிற்கட்டும் என்று கலிங்கின் மேல் பலகையோ மூட்டையோ வைக்கும் பழக்கத்தை நான் பல ஊரில் பார்த்திருக்கிறேன். தண்ணீர்ப் பஞ்சம் கண்ட ஊருக்கு அந்த ஆசை வருவது புரிகிறது. ஆனால் அந்த ஒரு சாண் நீங்கள் சேர்க்கும் தண்ணீர் அல்ல, கரை தன் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் இடம். மழைக்கு முன் கலிங்குக்கு வெளியே போகும் வாய்க்காலில் முட்செடி, வீடு கட்டக் கொட்டிய மண், வேலி எதுவும் இல்லாமல் பாருங்கள். வெளியே அடைத்திருந்தால் கலிங்கு திறந்திருந்தும் பயனில்லை.

கரையின் மேல்மட்டத்தையும் நீளமான ரப்பர் ட்யூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பாருங்கள். டிராக்டர் ஏறி இறங்கும் இடம், பாதைக்காகத் தேய்ந்த இடம், சாமி ஊர்வலம் போகும் இடம், இங்கெல்லாம் கரை அரையடி ஓரடி தாழ்ந்திருக்கும். வழிந்தால் அங்கேதான் முதலில் வழியும். மூட்டை அடுக்க வேண்டியது அந்த இடங்களில்தான், கலிங்கில் அல்ல.

கடைசிக் கட்டத்தில் "கரையை எங்காவது வெட்டிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். உங்களுக்கு மிச்சமாவது கீழூருக்குச் சாவாகலாம். 2022 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில், கட்டிக்கொண்டிருந்த காரம் அணை கசியத் தொடங்கியபோது, கீழே இருந்த 18 கிராமத்து மக்களை முதலில் மேடான இடத்துக்கு மாற்றினார்கள். அப்புறம்தான் பொறியாளர்கள் பக்கத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. அந்த வரிசை மாறக் கூடாது.

வளை, புற்று, மரம்

எலி, நண்டு, முள்ளம்பன்றி எல்லாம் கரையை வீடாக்கிக்கொள்ளும். கரையான் புற்றின் உள்ளே ஆள் கை நுழையும் அறைகள் இருக்கும். சீமைக்கருவேலம் வளர்ந்த கரையில் இவை கண்ணுக்கே படாது. கோடையில் புதரை வெட்டி, வளையைத் தோண்டித் திறந்து, களிமண் குழம்பு ஊற்றி நிரப்பி இறுக்குங்கள். பெரிய மரத்தை மழைக்காலத்தில் வேரோடு பிடுங்காதீர்கள். பட்டுப்போன வேர் உள்ளே அழுகினால் அதுவே குழாய் ஆகிவிடும் என்பதால், வெட்டும்போதே தடித்த வேரையும் எடுத்து மண் நிரப்ப வேண்டும். வெளிச்சரிவுக்கு அருகம்புல் போதும். உள்பக்கம் அலை அரிக்காமல் பதித்த கல் சரிந்த இடத்தைத் திருப்பி அடுக்கிவிடுங்கள்.

யாருக்குச் சொல்வது

2021-ன் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி பெரிய அணைகளுக்கு மழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு கட்டாயம். பவானிசாகருக்கு அது உண்டு. பத்து மீட்டருக்குக் குறைவான ஊர் ஏரிகள் அந்தக் கணக்கில் வராது. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவே இருக்கிறது. அந்த வேலைக்கு இன்று ஊரில் ஆள் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

கலங்கல் கசிவு, சரிவு, குறுக்கு வெடிப்பு, மதகுமேல் குழி, இவற்றில் எதைப் பார்த்தாலும் லஸ்கருக்கும் உதவிப் பொறியாளருக்கும் போன் போட வேண்டும். எடுக்கவில்லை என்றால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070. "ஏரி கசியுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். மதகிலிருந்து எத்தனை அடி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், கலங்கலா தெளிவா, ஏரி எத்தனை அடி, எப்போதிலிருந்து என்று சொன்னால் அவர்கள் ஜல்லி லாரியோடு வருவார்கள்.

கீழே இருக்கும் வீடுகளைக் காத்திருக்க வைக்காதீர்கள். திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளக்கரை 1986 ஏப்ரல் 20-ல் உடைந்தது ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்த இருட்டு நேரத்தில். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் ஊரில் இப்போது ஏரி முக்கால் நிறைந்ததிலிருந்து ராத்திரி பத்து, ஒன்று, நாலு என்று மூன்று நடை வைத்திருக்கிறோம். கோயில் மைக்செட்டின் சாவி எப்போதும் நடை போகிறவர்கள் இடுப்பில்தான் இருக்கும்.